கார்டியன் என்றால் சொத்துக்குச் சொந்தக்காரரா?



என் தம்பிக்கு 36 வயதாகிறது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. அப்பா அரசுப் பள்ளி வாத்தியார். அவர் காலமானதும் குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்தது. அம்மா 2019-ல் போய்விட்டார். அதன் பிறகு அது தம்பி பெயருக்கு மாறியது. அவனால் பாங்க் விஷயம் பார்க்க முடியாதே! "நான் பார்த்துக்கறேன்"னு பெரிய அண்ணன் முன்வந்து, கார்டியன் சர்டிபிகேட் வாங்கினார். நாங்களும் நிம்மதியாகச் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்குப் போனேன். தம்பி மாட்டுக் கொட்டகையை ஒட்டின அறையில் படுத்திருந்தான். நகம் வெட்டி எத்தனை மாசமோ. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இடுப்பு அரைஞாண் கயிறு தொடை வரை நழுவியது. அவ்வளவு இளைத்திருந்தான். வீட்டுக்குப் புதுசாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். "அவன் பணம் என்னாச்சு?" என்று கேட்டேன். அண்ணி, "கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு இங்கே என்ன கணக்கு?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரரோ, "கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும், விடு" என்றார். தம்பி படித்த சிறப்புப் பள்ளி டீச்சர்தான் வழி சொன்னார். மன வளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி கார்டியனை நியமிப்பது கலெக்டர் இருக்கும் மாவட்டக் குழு. கார்டியன் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ, பணத்தைக் கையாடினாலோ, பெற்றோரோ உறவினரோ மனுக் கொடுத்து அவரை நீக்கச் சொல்லலாம். கல்யாணமாகிப் போன அக்காவும் உறவினர்தானே!

மனு எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். அவருக்குக் கடனும் இருந்தது, தெரியும். மூன்று நாள் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று பேர் வந்து வீட்டைப் பார்த்து விசாரித்தார்கள். அண்ணன் ஒரு வருஷக் கணக்குக்கூடக் கொடுத்திருக்கவில்லை. விசாரணை அன்று தம்பியிடமும் "எங்கேப்பா இருக்கப் போறே?" என்று கேட்டார்கள். "அக்கா வீடு... நாய்க்குட்டி இருக்கு" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது கார்டியன் நான். பாஸ்புத்தகம், பத்திரம் எல்லாவற்றையும் அண்ணன் ஒப்படைக்க வேண்டி வந்தது. செலவழிந்த பணத்துக்கும் அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது இன்னும் முடியவில்லை. பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் நின்றுவிட்டது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அழுதேன்.

ஜூன் மாதத்துக்குள் நானும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். மாத்திரை, பால், செருப்பு என்று தனி நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். போன வாரம் நாய் பிஸ்கட்டையும் அதில் எழுதச் சொன்னான் தம்பி. அதை மட்டும் என் காசில் வாங்கிவிட்டேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சை மாவட்டம்