மனநோய்த் தாதிப்பணியிற் கோட்பாட்டின் இடம்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கற்பது ஒன்று, தொழிலிற் செய்வது வேறொன்று என்னும் எண்ணம் எத்துறையிலும் உண்டு. ஆசிரியராகிய நாமும் இதற்கு விலக்கானவரல்லோம்; பயிற்சிக் காலத்திற் கற்ற உளநூலை வகுப்பறை வாயிலிலே விட்டுச் செல்வோர் நம்முட் பலர். இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என ஆராய்தற்கு, மனநோயாளரைப் பேணும் தாதியரின் பணி தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஏனெனில், காயத்துக்கு மருந்திட்டுக் கட்டுதல் போலக் கண்ணாற் காணத்தக்க செயல்கள் அப்பணியிற் சிறுபான்மையே. தாதியின் சொல்லும், உடனிருப்பும், செவிகொடுத்தலுமே அங்குப் பெரும்பான்மை.

இத்துறைக்குக் கோட்பாடு வகுத்தோருள் தலையாயவர் ஹில்டகாட் பெப்லோ அம்மையார். இவர் 1909 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்தார். தாதிப் பயிற்சி பெற்றபின் உளவியலும் கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத் தாதியாகப் பணியாற்றினார். மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் தொடர்பிலேயே உளநோயின் வேரைத் தேடிய ஹரி ஸ்டாக் சலிவன் என்னும் வைத்தியரின் கருத்துகள் இவரைப் பெரிதும் கவர்ந்தன. தாதிப்பணியில் ஆளிடைத் தொடர்பு பற்றி இவர் எழுதிய நூல் 1948 இல் முற்றுப்பெற்றும், 1952 இலேதான் வெளிவந்தது. வைத்தியர் ஒருவர் துணையாசிரியராக நில்லாது தாதி ஒருவர் தனித்து நூல் வெளியிடுவதை அக்காலம் எளிதில் ஏற்கவில்லை.

நோயாளரைக் காவல் செய்தலும், குளிப்பாட்டி உணவூட்டுதலுமே மனநோய்த் தாதியின் கடமை எனக் கருதப்பட்ட காலம் அது. பெப்லோவோ, தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் தொடர்பே சிகிச்சையின் ஒரு கூறு என்றார். இருவரும் அந்நியராகச் சந்தித்து இடரை இன்னதென அறிதல், நோயாளி தாதியைத் தமக்குத் துணையெனக் கொள்ளுதல், அத்துணையைப் பயன்படுத்தித் தம் இடரைத் தாமே ஆராய்தல், இறுதியில் அத்தொடர்பினின்றும் விடுபடுதல் என அதற்கு நான்கு நிலைகளை வகுத்தார்.

இவ்வறிவு அன்றாடப் பணியிற் பயன்படுமாற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மாலை வேளையில் நோயாளி ஒருவர் விறாந்தையில் ஓயாது மேலுங்கீழும் நடக்கின்றார். உண்ண அழைத்தாற் கோப்பையைத் தள்ளுகின்றார். கோட்பாடறியாதார் இதனைக் கீழ்ப்படியாமை எனக் கொண்டு கண்டிப்பர். அல்லது உணவின் நன்மையை நீள எடுத்துரைப்பர். பெப்லோவின் மாணவியோ, "இவரது பதகளிப்பு எப்படியில் உள்ளது?" என்று முதலில் தம்மையே வினவுவார். மென்மை, நடுத்தரம், கடுமை, பீதி எனப் பதகளிப்புக்கு நான்கு படிகளுண்டு. மென்மையான பதகளிப்புப் புலன்களைக் கூர்மையாக்கிக் கற்றலுக்குத் துணை செய்யும். அது மிகுமளவுக்கு மனத்தின் பார்வை குறுகும். கடுமையான நிலையிலுள்ளார்க்கு நீண்ட விளக்கம் செவியில் ஏறாது. ஆதலால் தாதி குரலைத் தாழ்த்தி, ஓரிரு சொற்களே பேசி, அவருடன் சற்று நடப்பார். அறிவுரையைப் பதகளிப்புத் தணிந்தபின் வைத்துக்கொள்வார். பரீட்சை மண்டபத்தில் நடுங்கும் மாணவனுக்கு நீண்ட போதனை செய்து பயன் காணாத ஆசிரியர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர்.

பிறர்க்குக் கேளாத குரல்கள் தமக்குக் கேட்பதாகக் கூறும் நோயாளியிடத்தும் இவ்வாறே. "அப்படி ஒன்றுமில்லை" என்று மறுத்தால் அவர் தனிமைப்படுவார். "ஆம்" என்று உடன்பட்டால் அவரது மயக்கம் உறுதிப்படும். "எனக்கு அக்குரல் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கின்றது என்பதை அறிகின்றேன். அஃது உங்களை அச்சுறுத்துகின்றதா?" என்று கூறும் தாதி, உண்மையையும் கைவிடார், நோயாளியையும் கைவிடார். எளிமை போலத் தோன்றும் இவ்விரு வாக்கியங்களின் பின்னே ஒரு கோட்பாடு முழுவதும் நிற்கின்றது.

கோட்பாடு தாதியின் பார்வையைத் தம்மீதும் திருப்புகின்றது. தாதியின் பதகளிப்பு நோயாளியைத் தொற்றும் என்பது பெப்லோ வற்புறுத்திய கருத்து. ஆதலின், நோயாளியோடு நிகழ்ந்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதி, "நான் ஏன் இவ்விடத்திற் பேச்சை மாற்றினேன்?" என ஆராயும் வழக்கத்தை அவர் தம் மாணவியரிடம் வளர்த்தார். 1954 முதல் 1974 வரை றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்த முறையில் இதுவும் ஒன்று. இத்தகைய பதிவுகளிலிருந்தே அவர்தம் கருத்துகளும் திருத்தம் பெற்றன. கோட்பாடு செயலை வழிநடத்த, செயல் கோட்பாட்டைத் திருத்தியது என்க.

இக்கோட்பாட்டுக்கும் எல்லையுண்டு. பேச்சே ஒடுங்கிய நோயாளரிடம் இது எளிதிற் செல்லாது. 1950 களிற் புதிய மருந்துகள் தோன்றியபின் மனநோய்ச் சிகிச்சையின் போக்கும் பெரிதும் மாறியது. நோயாளர் வைத்தியசாலையிற் சில நாட்களே தங்கும் இடங்களில் நான்கு நிலைகளையும் முறையாகக் கடத்தல் அரிது. ஒரு தாதி பலரைப் பார்க்க வேண்டிய விடுதியில் ஐந்து நிமிடமும் அரும்பொருளே. ஆயினும் அவ்வைந்து நிமிடத்தில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்பதைத் தெரிவிப்பது கோட்பாடன்றோ? காலம் குறையக் குறைய அவ்வறிவின் தேவை மிகுமேயன்றிக் குறையாது.

அன்பு இருந்தாற் போதும், அறிவு எதற்கு என்பாருமுளர். அன்புடையாரும் அறியாமையாற் புண்படுத்துவதுண்டு. நன்மனத்தோடு கூறிய ஆறுதலே சிலவேளை நோயாளியின் வாயை அடைத்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மெய்யே. ஆனால் கறிச்சுரை எது, பேய்ச்சுரை எது என்று அறியாது கொடியிற் கைவைப்பவர் பிறர்க்கு நஞ்சையும் சமைக்கக்கூடும். பிறர் உள்ளத்தைத் தொடும் தொழிலினர் யாவரும், தாதியராயினும் ஆசிரியராயினும், இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.