உருண்டோடும் நகரம் – 11: டேஷ்போர்டுக்குள் ஓர் ஒலியறை

காரின் ஒலிச்சாதனம், அதாவது வானொலியும் பாடல் இயக்கியும் ஸ்பீக்கர்களும் சேர்ந்து பேச்சுவழக்கில் ‘செட்’ எனப்படும் தொகுதி, வயதாகிக் கெடுவதைவிட அது அமர்ந்திருக்கும் இடத்தின் வெப்பத்தாலும் அதை மேம்படுத்தப் புகும் கைகளாலும் கெடுவதே திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்களில் மிகுதி என்று கொள்ள இடமுண்டு. சென்ற பகுதியில் விளக்கப்பட்ட குளிர்பதன அமைப்புக்கு அடுத்தபடியாக ஓட்டுநரின் கை அடிக்கடி செல்வது இதனிடமே. ஆயினும் என்ஜின் எண்ணெயை நாள் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதற்கும் பராமரிப்பு உண்டு என்று எண்ணுவதில்லை.

காரில் வானொலி ஏறிய வரலாறு 1930இல் அமெரிக்காவின் சிக்காகோவில் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டரோலா’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியோடு வேகம் பிடித்தது. அக்காலத்து வானொலி கண்ணாடி வால்வுகளால் ஆனது என்பதாலும், வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும் என்பதாலும், காரின் சிறிய பேட்டரியிலிருந்து அதை உருவாக்கித் தர அதிர்வி என்னும் தனி உறுப்பு தேவைப்பட்டது. அது இரைச்சலும் இட்டது, பேட்டரியையும் குடித்தது. டிரான்சிஸ்டர் வந்த பிறகே இத்தொல்லை தீர்ந்தது. திருச்சிராப்பள்ளியைப் பொறுத்தவரை, கேட்பதற்கான நிலையம் முந்திக்கொண்டது: இந்த ஊரின் அகில இந்திய வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது, 1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவுக்கு மிஞ்சிய ஆறே நிலையங்களில் அதுவும் ஒன்று. அதன் மத்திய அலை ஒலிபரப்பு நெடுங்காலம் 936 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அம்பாசிடர், ஃபியட் கார்களின் டேஷ்போர்டுகளில் ஒலித்தது. மத்திய அலை தரையை ஒட்டி நெடுந்தொலைவு செல்லும். ஆனால் மின்பொறி எதுவாயினும் அதில் கரகரப்பாக நுழைந்துவிடும். என்ஜின் வேகம் கூடக்கூட வானொலியில் படபடப்பும் கூடியதற்கு ஸ்பார்க் பிளக்கின் பொறியே காரணம்; பிளக் கம்பிகளில் மின்தடை சேர்த்தே அது அடக்கப்பட்டது. இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றில் மத்திய அலையே கைவிடப்பட்டதற்கும் மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுச் சுற்றும் எழுப்பும் இதே வகை இடையூறுதான் காரணமாகக் காட்டப்படுகிறது.

பண்பலை, அதாவது எஃப்.எம்., வேறு இயல்புடையது. அதன் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், அனுப்பும் கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தொலைவு கேட்கும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் அமைந்த கொடைக்கானலின் 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சிக் கார்களில் கேட்பது இதனால்தான்; அவ்வுயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் 150 கிலோமீட்டரையும் தாண்டி விழுகிறது. நகரத்துக்குள் வேறொரு சிக்கல் எழுகிறது. நேராக வரும் அலையும் கட்டடங்களில் மோதித் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்களில் பாட்டு தேய்ந்து கரகரக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர் என்பதால், சிக்னலில் நிற்கும் கார் இரண்டடி முன்னால் நகர்ந்தாலே ஒலி தெளிந்துவிடுவதுண்டு. செட்டில் கோளாறு என்று எண்ணிக் கடைக்குப் போவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்ப்பது செலவில்லாதது.

செட்டை மாற்றிய மறுநாளே நிலையங்கள் மங்கிவிட்டன என்ற புகாருக்கு மட்டும் உண்மையான காரணம் பெரும்பாலும் உண்டு. பழைய கார்களின் இழுத்து நீட்டும் ஆன்டெனா ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் இருந்தது. அது பண்பலை அலைநீளத்தின் நாலில் ஒரு பங்கு. இப்போதைய கூரைமேல் குட்டையாக நிற்கும் ஆன்டெனாவோ, சுறாத் துடுப்பு வடிவத்ததோ, நீளத்தில் இழந்ததை அடியில் மறைந்துள்ள சிறு பெருக்கி மூலம் ஈடு செய்கிறது. அந்தப் பெருக்கிக்கு மின்சாரம் செட்டின் பின்புற நீலக் கம்பி வழியே செல்லும் அமைப்பு பல கார்களில் உண்டு. புதிய செட்டைப் பொருத்துபவர் அந்தக் கம்பியை டேப் சுற்றி ஓரமாக விட்டுவிட்டால், வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் வானொலி வெறும் இரைச்சலாகிவிடும்.

கம்பிகளின் நிறத்தை அறிந்துகொள்வதால் காரின் உரிமையாளருக்கு இழப்பு எதுவுமில்லை. வெளிச்சந்தையில் விற்கும் செட்களில் மஞ்சள் கம்பி பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பெற்று நேரத்தையும் தேர்ந்தெடுத்த நிலையங்களையும் நினைவில் வைத்திருக்கும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும். கறுப்பு, காரின் உலோக உடலோடு இணையும் எர்த். முன் இடது ஸ்பீக்கருக்கு வெள்ளை, முன் வலதுக்குச் சாம்பல், பின் இடதுக்குப் பச்சை, பின் வலதுக்கு ஊதா என்பது வழக்கம். அந்தந்த நிறத்தில் கறுப்புக்கோடு போட்ட கம்பி எதிர்முனை. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் முனைகள் மாறிவிட்டால் ஒலி நின்றுபோகாது. ஒன்றின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று விழுங்கி, மிருதங்கத்தின் தொப்பி வலுவிழந்து பலகையில் தட்டியதுபோல் கேட்கும். பலர் இதற்கு மருந்தாகப் பேஸ் குமிழைத் திருகிக்கொண்டே போகிறார்கள். சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிக் கட்டிவிடும் அவசர வேலையோ, காரைப் பூட்டிய பிறகும் செட்டை விழித்திருக்கச் செய்து பேட்டரியை இறக்கிவிடும். காரின் மூல இணைப்பியை வெட்டாமல், அதற்குப் பொருந்தும் கப்ளர் வாங்கிச் செருகுவது சில நூறு ரூபாய் கூடுதல் செலவாயினும் இத்தவறுகள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘50 வாட் × 4’ என்ற எண்ணையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். வழக்கமான 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு, தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத செட் அந்த வோல்ட்டில் சிதைவின்றித் தரக்கூடியது ஒரு வாயிலுக்கு 20 வாட்டை ஒட்டியதே. பெட்டியில் உள்ளது நொடிப்பொழுதின் உச்சம். அந்த எல்லைக்கு மேல் ஒலியை ஏற்றினால், அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டு, மூல இசையில் இல்லாத உயர்ந்த ஒலிகள் பிறக்கின்றன. அவை ட்வீட்டர் என்னும் சிறிய ஸ்பீக்கரின் மெல்லிய சுருளைச் சுட்டுவிடும். ஸ்பீக்கர் எரிவது ஆம்ப்ளிஃபயரின் வலிமையால் மட்டுமல்ல, அதன் இயலாமையாலும்தான். நாகஸ்வரத்துக்கு இந்த ஆபத்து கூடுதல். அதன் நாதம் உயர்ந்த கிளையொலிகள் செறிந்தது என்பதால், டிரெபிளைக் கூட்டி உரக்க வைத்தால் ட்வீட்டர் முதலில் சீறும், பிறகு ஓயும். பேஸ், டிரெபிள் இரண்டையும் நடுவில் நிறுத்தி, ஒலியை முன்பக்கம் சற்றே நகர்த்தி வைப்பதே மங்கல இசைக்கும் பேச்சுக்கும் போதுமானது என்பது இத்தொடரின் துணிபு. ஊஃபர் வைத்த பின்பக்கத்தை நம்புவோர் இதை ஏற்கமாட்டார்கள்.

இனி வெயில். 2018இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெப்பநிலை 38 பாகை செல்சியசைத் தாண்டிய நாள்களில் கார்களை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி அளந்தபோது, உள்காற்று சராசரியாக 47 பாகையையும் டேஷ்போர்டு 69 பாகையையும் எட்டின. நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48 பாகையோடு நின்றது. கத்திரி வெயிலில் 40 பாகையைத் தொடும் திருச்சிக்கு இக்கணக்கு அந்நியமானதன்று. ஸ்ரீரங்கத்தில் நிழலை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு: ஊர் ஏறத்தாழ 10.9 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நாள்களின் நண்பகலில் சித்திரை வீதியின் வீடுகளோ 236 அடி ராஜகோபுரமோ அருகில் நிறுத்திய காருக்கு நிழல் தர முடியாது. சித்திரைத் தேருக்கு வருவோர் வண்டி நிறுத்துவதும் ஏறத்தாழ அந்தப் பருவத்தில்தான்.

அத்தகைய சூட்டில் செட்டுக்குள் நேர்வது கண்ணுக்குத் தெரியாதது. மின்னூட்டத்தைத் தேக்கித் தரும் மின்பகுளிக் கெபாசிட்டர்களின் ஆயுள், சூடு 10 பாகை கூடும்போதெல்லாம் ஏறத்தாழ பாதியாகக் குறையும்; அதனால்தான் ஐந்தாறு கோடைகளைக் கண்ட செட், காரணமின்றி அணைந்து எரிவதுபோல் தோன்றுகிறது. தொடுதிரை கருத்துப்போகும், ஸ்பீக்கர் விளிம்பில் உள்ள நுரை வளையம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் பொடிந்து உதிரும், ரப்பர் வளையம் அதைவிட நீடிக்கும். கேசட் காலத்தில் டேஷ்போர்டில் வைத்த நாடா உறை நெளிந்து, பாடகரின் குரல் அலைபாய்ந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அதே இடத்தில் கைப்பேசி வைக்கப்படுகிறது, அதன் லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டை இன்னும் குறைவாகவே தாங்கும். முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளித்தட்டி வைப்பதும், புறப்படும்முன் கதவுகளைச் சில நிமிடம் திறந்து வைப்பதும், குளிர்ந்த பிறகே ஒலியைக் கூட்டுவதும் எளிய காப்புகள். கறுப்புத்தாள் ஒட்டுவதில் எச்சரிக்கை வேண்டும்: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 100ஆம் விதி முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது.

வெப்பத்துக்கு அடுத்தது துகள். ஆடிக்காற்றில் கொள்ளிடக்கரை மணல் ஜன்னல் வழியே புகுவதைத் தடுக்க முடியாது. ஆனால் திருநீறும் குங்குமமும் மஞ்சளும் உரிமையாளரின் கையாலேயே வருகின்றன. இவை மிக நுண்ணியவை. ஸ்பீக்கர் வலைக்குள் இறங்கினால் கூம்பின்மேல் படியும், குறுந்தகட்டு வாயில் புகுந்தால் ஒளியால் படிக்கும் கண்ணாடி வில்லையை மூடும். பூசைப் பொட்டைத் திரைக்கும் வலைகளுக்கும் எட்டாத உலோகப் பகுதியில் வைப்பதால் பக்தி குறைவதில்லை. திரையை உலர்ந்த மென்னிழைத் துணியால் துடைக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கான அம்மோனியா கலந்த திரவம் திரைமேல் உள்ள ஒளிதடுப்புப் பூச்சைத் தின்றுவிடும். டேஷ்போர்டில் ஒட்டப்படும் ரங்கநாதர், பிள்ளையார் சிலைகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். முன்பயணியின் எதிரே ‘ஏர்பேக்’ என்று பொறித்த மூடியின்மேல் சிலை ஒட்டினால், விபத்தில் காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்தில் விரியும்போது அச்சிலை பயணியை நோக்கி வீசப்படும். ஓட்டுநரின் பார்வையை மறைக்காத நடுப்பகுதி பாதுகாப்பானது. பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள இருக்கைகளுக்குத் தையல் பிரியும் வகை உறை தவிர வேறு எதையும் போடலாகாது.

கடைசியாக ஸ்ரீரங்கத்துக்கே உரிய ஒரு நிலைமை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் வீட்டில் கார் வாரக்கணக்கில் அசையாமல் நிற்பதுண்டு. செட்டின் மஞ்சள் கம்பியும் எச்சரிக்கை மணியும் சேர்ந்து 30 மில்லியாம்பியர் எடுத்தாலும், 35 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி கசியும். கணக்குப்படி 48 நாளில் முழுதும் தீரும் என்றாலும், என்ஜினைச் சுழற்ற வேண்டிய வலிமை அதற்கு வெகுமுன்பே போய்விடும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வண்டியை ஓட்டுவது இயலாதபோது, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைப்பது வழக்கம். அப்படிக் கழற்றினால் திருட்டுத் தடுப்புக் குறியீடு கேட்டு நிற்கும் செட்களும் உண்டு. நான்கு இலக்க எண் அச்சிட்ட சிறு அட்டை கையேட்டோடு தரப்பட்டிருக்கும். அதைக் காருக்குள் அல்லாமல் வீட்டு அலமாரியில் வைத்திருக்க வேண்டும்.

(தொடரும்)