கதையா? ஓவியமா?



நெல்லைக் கொடுத்து உப்பை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. எது பெரிது, எது சிறிது என்ற வழக்கு அங்கே எழவில்லை. உப்பு இல்லாதவனுக்கு உப்பு பெரிது. நெல் இல்லாதவனுக்கு நெல் பெரிது. சென்ற திங்கள் எனக்கும் அப்படி ஒரு பண்டமாற்று அழைப்பு வந்தது. என்னிடம் இருந்த ஒரு பழைய படக்கதைத் தொகுப்பைக் கொடுத்து, மேலே இரண்டாயிரம் ரூபாயும் வைத்தால், அதே கதையின் வண்ணப் பதிப்பைப் பெட்டியோடு தருவதாக ஒரு நண்பர் சொன்னார். ‘கொடு’ என்றது கண். ‘பொறு’ என்றது நெஞ்சு. அந்த ஒரு வாரத்தில் நான் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகின்றேன். படக்கதை சேர்க்கும் பழக்கம் உள்ளவர் நம் சங்கத்தில் பலர் என்பதை அறிவேன். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

கதையின் பெயர் ‘இரத்தப் படலம்’. நினைவிழந்த ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். முதிய தம்பதியர் அவனைக் காப்பாற்றுகின்றனர். அவன் உடலில் பதிமூன்று என்ற ரோம எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. தான் யார் என்பதை அவன் தேடிச் செல்வதுதான் கதை. பெல்ஜிய நாட்டு எழுத்தாளர் ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, 1984-இல் தொடங்கிய தொடர் இது. தமிழில் இதைத் தந்தது சிவகாசியின் லயன் காமிக்ஸ். 2010-இல் எண்ணூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட ஒரே தொகுப்பாக, கறுப்பு வெள்ளையில், இருநூறு ரூபாய் விலையில் அது வெளிவந்தது. 2018-இல் அதுவே முழு வண்ணத்தில் மூன்று பெருந்தொகுதிகளாக மலர்ந்தது. என் கையில் இருந்தது முன்னது. என்னை மயக்கியது பின்னது.

கெட்டி அட்டை நமக்குப் புதிதா?

கெட்டி அட்டைப் படக்கதை வெளிநாட்டு மோகம் என்று சிலர் கூறுவர். அது முழு உண்மை அன்று. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நாற்பத்தெட்டுப் பக்கப் படக்கதை கெட்டி அட்டையில் வருவது அன்றாட வழக்கம். அங்கே அது ஆடம்பரம் ஆகாது. இங்கேதான் அது திருவிழா. ஆயினும் திருவிழாவை நாமும் முன்பே அறிந்தவர்களே. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தது. மணியம் அதற்கு ஓவியம் வரைந்தார். வாரந்தோறும் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துக் கெட்டி அட்டையும் காலிகோ முதுகும் போட்டு வாங்கி வைத்த வீடுகள் தமிழகத்தில் எத்தனை! ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளுக்குக் கோபுலுவின் படங்கள். அதையும் அப்படியே காத்தனர். பின்னாளில் அந்தக் கதைகள் நூல்களாகக் கடைகளில் கிடைத்தபோதும் பலர் பழைய பைண்டைக் கைவிடவில்லை. ஏன்? நூலில் கதை இருந்தது. பைண்டில் கதையும் படமும் சேர்ந்து இருந்தன. கதையா ஓவியமா என்ற கேள்விக்கு நம் பாட்டிமார் அன்றே ஒரு விடை சொல்லிவிட்டார்கள் எனலாம்.

இந்தப் பெங்களூருக்கும் படக்கதை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அனந்த் பை 1967-இல் தொடங்கியதாக நாம் அறிந்த அமர் சித்திரக் கதை வரிசைக்கு முன்னோடி இந்த ஊரில்தான் பிறந்தது. இந்தியா புக் ஹவுஸ் நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையில் இருந்த ஜி.கே. அனந்தராம் 1965-இல் மேல்நாட்டுத் தேவதைக் கதைகளைக் கன்னடப் படக்கதைகளாக வெளியிட்டார். வரிசையின் முதல் பத்து எண்கள் அவைதாம். பதினோராம் எண்ணாகிய ‘கிருஷ்ணா’விலிருந்தே நம் நாட்டுக் கதைகள் வரலாயின. தாய்மொழியில் படக்கதை வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊரிலும் முளைத்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ?

நான் செய்த சோதனை

நண்பர் தம் வண்ணத் தொகுதிகளை ஒரு வாரம் எனக்கு இரவல் தந்தார். நல்ல மனம் படைத்தவர். விடுதி அறையில் இரண்டையும் அருகருகே விரித்து வைத்தேன்.

முதல் நாள் வண்ணம் வென்றது. பெரிய பக்கம், வழவழப்பான தாள், விரிந்த கட்டங்கள். பழைய தொகுப்பில் நெருக்கமாக நின்ற உருவங்கள் இங்கே மூச்சு விட்டன. எது பகல், எது இரவு, எது நிகழ்வு, எது நினைவு என்று கண் தடுமாறவில்லை. பழைய நூலில் இரண்டு முறை திருப்பிப் பார்த்த பக்கங்களை இங்கே ஒரே நோக்கில் உணர்ந்தேன்.

மூன்றாம் நாள் நிலைமை மாறியது. வான்ஸின் பேனாக் கோட்டைக் காண விரும்பியபோது கறுப்பு வெள்ளைக்கே திரும்பினேன். முகத்தின் சுருக்கம், துணியின் மடிப்பு, சுவரின் நிழல் ஆகியவற்றை அவர் கோடுகளாலேயே இழைத்திருக்கிறார். வண்ணம் மேலே படியும்போது அக்கோடுகள் சற்றே பின்வாங்குகின்றன. வண்ணம் இடத்தைக் காட்டுகிறது. கோடு கையைக் காட்டுகிறது. ஆகவே ‘வண்ணமே ஓவியம்’ என்று எண்ணிக் காசு கொடுப்போர் பாதி ஓவியத்தையே வாங்குகின்றனர்.

ஐந்தாம் நாள் நான் படங்களை மறந்துவிட்டேன். கதை என்னை இழுத்துச் சென்றது. எந்தப் பதிப்பை வாசிக்கிறேன் என்பதும் நினைவில் இல்லை. நள்ளிரவு கடந்தபின் விளக்கை அணைக்கும்போதுதான் கையில் இருந்தது பழைய நூல் என்பதைக் கண்டேன்.

ஓவியர் மாறினால்? எழுத்தாளர் மறைந்தால்?

கதையையும் ஓவியத்தையும் நிறுக்க இயற்கையே இரண்டு தராசுகளை நமக்குத் தந்திருக்கிறது.

முதலாவது, இந்தத் தொடரே. 2007-இல் இதன் பதினெட்டாம் ஆல்பமும் பத்தொன்பதாம் ஆல்பமும் வெளியாயின. எழுதியவர் அதே வான் ஹாம். ஆனால் பதினெட்டாவதை வரைந்தவர் வான்ஸ் அல்லர். ‘புளூபெரி’ புகழ் ழான் ஜிரோ. பத்தொன்பதாவதில் வான்ஸ் மீண்டும் வந்தார். கதை கூறுபவரின் குரல் ஒன்றே. காட்டும் கண் வேறு. தெரிந்த நண்பன் வேறு ஒருவரின் உடையில் வந்தாற்போல இருக்கிறது. அவன் பேச்சு மாறவில்லை. ஆயினும் அவனை அணுகச் சற்று நேரம் ஆகிறது. அந்தச் ‘சற்று நேரம்’ இருக்கிறதே, அதுவே ஓவியத்தின் எடை.

இரண்டாவது, ‘மின்னும் மரணம்’. ‘புளூபெரி’ வரிசையின் பதினொரு ஆல்பங்களை ஒன்றுசேர்த்து 2015-இல் ஆயிரம் ரூபாய் விலையில் தமிழில் வந்த கெட்டி அட்டை நூல். எழுதியவர் ழான்-மிஷேல் ஷார்லியே, வரைந்தவர் ஜிரோ. தொகுப்பின் முதல் ஆல்பம் 1973-இல் வந்தது. இறுதி ஆல்பம் 1990-இல் வந்தது. ஷார்லியே 1989-இல் மறைந்தார். முடியாமல் நின்ற இறுதிக் கதையை ஓவியரே எழுதி முடித்தார். பதினேழு ஆண்டுகளில் ஒரு கை எப்படி முதிர்ந்தது என்பதை ஒரே நூலில் புரட்டிக் காணலாம். தனித்தனிப் புத்தகங்களாக வாசித்தால் இந்த வளர்ச்சி கண்ணில் படாது. கெட்டி அட்டைத் தொகுப்பின் உண்மையான பயன் இதுதான் என்பேன். தடித்த அட்டையும் பொன்னெழுத்தும் அதற்குப் பின்னரே.

ஆனால் அதே நூல் வேறொன்றையும் கற்பிக்கிறது. ஷார்லியே கதையைச் சிக்கலாக முடிபவர். ஒரு புதையல், அதைத் தேடும் பலர், துரோகம், பழி, சிறை, தப்பித்தல் என்று முடிச்சின் மேல் முடிச்சு. அந்த முடிச்சுகளே ஜிரோவின் ஓவியத்துக்கு வேலை கொடுத்தன. பாலைவனம் வெறும் பாலைவனமாக இருந்தால் ஒரு பக்கத்தில் சலித்துவிடும். அதன் நடுவே தாகத்தோடு ஒருவன் தப்பி ஓடினால்தான் ஒவ்வொரு பாறையையும் உற்றுப் பார்க்கிறோம். பார்க்கத் தூண்டுவது கதை. பார்த்ததை நிலைக்கச் செய்வது ஓவியம்.

மூன்றாவது ஒன்று

இதுவரை இரண்டையே பேசினேன். தமிழ் வாசகனுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. அது மொழி. பிரெஞ்சு மொழிக்காக அளந்து வரைந்த பேச்சுக் குமிழிக்குள் நம் நீண்ட தமிழ்ச் சொற்கள் அடங்க வேண்டும். பொருளும் கெடக்கூடாது, பேச்சின் சுவையும் குன்றக்கூடாது. 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய நாள்முதல் இந்தக் கழைக்கூத்து நடந்துகொண்டே வருகிறது. அந்த மாயாவியை இங்கிலாந்து இதழுக்காக வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. ஒளியும் நிழலும் அவருக்கு ஏவல் செய்யும். ஆனால் அந்தப் பெயர் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘இரும்புக்கை மாயாவி’ என்ற தமிழ்ப் பெயரையோ அறியாதவர் அரியர். பெயர் சூட்டியவன் பாதி படைப்பாளி ஆகிவிடுகிறான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் இந்த நகரில் வளர்ந்தவன். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படித்தேன். வீட்டில் தமிழ் பேசினோம். ஆனால் எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒரு கோடை விடுமுறையில் என் தாய்மாமன் அந்த எண்ணூறு பக்க நூலை என் மடியில் போட்டார். படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே சென்றேன். நூறு பக்கம் சென்றபின் பொறுக்க முடியவில்லை. அவன் யார்? அந்த எண் எதற்கு? விடை குமிழிக்குள் இருந்தது. குமிழி தமிழில் இருந்தது. ‘மாமா, இது என்ன எழுத்து?’ என்று கேட்டேன். ‘க’ என்றார். அன்று தொடங்கியது என் தமிழ்ப் படிப்பு. ஓவியம் என்னை வாயிலுக்கு அழைத்து வந்தது. கதை உள்ளே தள்ளியது. உள்ளே இருந்தது மொழி.

சேர்ப்போருக்குச் சில சொல்

அனுபவத்தில் கண்ட சிலவற்றைக் கூறுவேன்.

ஒன்று: அட்டையைக் கண்டு வாங்காதீர்கள். முன்பு ஒருமுறை ஒரு திங்கள் உணவுச் செலவை மிச்சப்படுத்தி, பளபளக்கும் ஒரு வெளிநாட்டுத் தொகுப்பை வாங்கினேன். ஒவ்வொரு பக்கமும் சுவரில் மாட்டத்தக்க ஓவியம். கதையோ இருபது பக்கத்திலேயே வற்றிப்போன ஊருணி. இன்றுவரை அதை இரண்டாம் முறை திறக்கவில்லை. மூன்று முறை வாசிப்பேன் என்று நம்பினால் மட்டுமே கெட்டி அட்டைக்குப் பணம் கொடுங்கள். கதை அதற்கு இடம் தராவிட்டால் ஓவியம் தனியாக அந்தச் சுமையைத் தாங்காது.

இரண்டு: இரண்டு பதிப்பு இருந்தால் முதலில் இரவல் வாங்கிப் பாருங்கள். அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடைகளிலும் சர்ச் தெருவிலும் நின்று புரட்ட யாரும் காசு கேட்பதில்லை.

மூன்று: உறையைப் பிரியுங்கள். கண்ணாடித் தாளைக் கூடக் கிழிக்காமல், விலை ஏறும் என்று பூட்டி வைப்போர் உண்டு. சிறிய எண்ணிக்கையில் அச்சாகும் தமிழ்ப் பதிப்புகளுக்கு விலை ஏறுவது உண்மையே. ஆனால் நூறு பேர் வாங்கி நூறு பேரும் பூட்டினால், அடுத்த தலைமுறையில் வாசிப்பவர் இல்லாமல் விற்பவரே எஞ்சுவர். வாசகன் இல்லாத மொழிக்குக் கெட்டி அட்டை எதற்கு?

முடிவு

எட்டாம் நாள் வண்ணத் தொகுதிகளை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தேன். பண்டமாற்று வேண்டாம் என்றேன். அவர் வியந்தார். ‘இதைவிட நல்ல ஓவியம், நல்ல தாள், அதே கதைதானே?’ என்றார். அவர் சொன்னது சரியே. நூலை நூலாக நிறுத்தால் அவருடையதே மேல். என்னுடைய நூலின் ஓரங்களில் மாமா பென்சிலால் எழுதிக் காட்டிய க, ங, ச இருக்கின்றன. அவை எந்த வண்ணப் பதிப்பிலும் அச்சாகவில்லை.

வண்ணப் பதிப்பை வெறுக்கிறேன் என்று எண்ண வேண்டா. வேலை கிடைத்து முதல் ஊதியம் வந்ததும் அதையும் வாங்குவேன். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறமாட்டேன், அவ்வளவே.

இப்போது அந்தப் பழைய நூல் என் அறையில் இல்லை. நம் சங்க அறையின் அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. நம்மிடையே என்னைப் போலத் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத நண்பர்கள் பலர் உள்ளனர். முதலாண்டு மாணவர் ஒருவர் மூன்று வாரமாக அதை எழுத்துக் கூட்டி வாசித்து வருகிறார். நேற்று அறுபதாம் பக்கத்தில் இருந்தார். ‘அவன் யார் அண்ணா?’ என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

உங்களிடம் உள்ள தொகுப்புகளில் ஒன்றையேனும் அந்தத் தட்டில் கொண்டுவந்து வையுங்கள். அட்டை தேயும், முனை மடங்கும். தேயட்டும்.