ரிப்போர்ட்டில் 'செர்விசைட்டிஸ்' என்று வந்திருக்கிறதா?

பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் 'க்ரானிக் செர்விசைட்டிஸ்' என்று பார்த்ததும் மொபைலில் தேட ஆரம்பிக்கிறோம். பத்து நிமிஷத்துல "புற்றுநோய்", "குழந்தை பிறக்காது" என்று என்னென்னவோ வந்து தூக்கமே போய்விடுகிறது. கொஞ்சம் பொறுங்க. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு முதலில் தெரிஞ்சுக்கலாம்.

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி, பிறப்புறுப்புப் பாதையோடு சேரும் இடம்தான் கர்ப்பப்பை வாய். அங்கே ஏற்படும் அழற்சிதான் செர்விசைட்டிஸ். நாள்பட்டு நீடித்தால் 'க்ரானிக்'. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள் பலருக்கும் ரிப்போர்ட்டில் இந்த வார்த்தை வருவதுண்டு. அறிகுறியும் இல்லை, தொற்றும் இல்லை என்று டாக்டர் உறுதிப்படுத்திவிட்டால், பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. இந்த வார்த்தை இருப்பதாலேயே அது புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை.

ஏன் வருகிறது?

கிளமிடியா, கொனோரியா, டிரைகோமோனாஸ் போன்ற பால்வினைத் தொற்றுகள் முக்கியக் காரணம். தொற்று இல்லாமலும் வரலாம். வாசனை சோப்பு, கிருமிநாசினித் திரவங்களால் உள்ளே கழுவுவது, ஆணுறையின் ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் போவது போன்றவற்றாலும் அழற்சி உண்டாகும். "சுத்தமா இருக்கணும்"னு உள்ளே கழுவுவது நல்லதைவிடக் கெடுதலைத்தான் அதிகம் செய்யும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினாலே போதும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• மஞ்சளாக, சீழ் போல அல்லது நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்
• உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, அப்போது வலி
• இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தப்போக்கு
• அடிவயிற்று வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்

நிறமில்லாமல், நாற்றமோ அரிப்போ இல்லாமல் அளவாகப் படுவது இயல்பானது. ஆனால் கிளமிடியா பல பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும். அதுதான் சிக்கல்.

குழந்தைப்பேறை எப்படிப் பாதிக்கும்?

கருமுட்டை வெளியாகும் நாட்களில் கர்ப்பப்பை வாய்ச் சளி முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நீர்த்து, விந்தணு மேலே போக வழிவிடும். அழற்சி இருந்தால் இந்தச் சளியின் தன்மை மாறலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, சிகிச்சை எடுக்காத தொற்று கர்ப்பப்பை வழியாகக் கருக்குழாய்களுக்கு ஏறுவது. அங்கே தழும்பு விழுந்தால் குழாய் அடைபடலாம். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயிலேயே தங்கிவிடும் அபாயமும் கூடும். தொற்றை மருந்தால் குணப்படுத்தலாம். விழுந்த தழும்பை மருந்தால் அழிக்க முடியாது. அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறோம்.

கணவருக்கும் சிகிச்சை

பால்வினைத் தொற்று என்று தெரிந்தால் மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. கணவருக்கு அறிகுறியே இல்லாவிட்டாலும் அவரிடமிருந்து தொற்று திரும்ப வரும். இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். ஒரே வேளை மருந்தாக இருந்தால் அதன்பின் 7 நாட்கள், பல நாள் மருந்தாக இருந்தால் அது முடியும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். குழந்தை தள்ளிப்போனால் பெண்ணை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. விந்துப் பரிசோதனையும் சேர்த்தே செய்யப்பட வேண்டும்.

எங்கே போவது?

அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. 30 வயது கடந்த பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அங்கேயே இலவசம். தொற்று சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள பால்வினை நோய்ப் பிரிவில் காட்டலாம். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் முதலில் 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேளுங்க. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்க.

ஒரு வருஷம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால், 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்க. பழைய ரிப்போர்ட்டுகளையும் மறக்காமல் எடுத்துட்டுப் போங்க.