நடுங்கும் கையும் பத்துப் புள்ளியும்

2024 ஜூலை 30. சாதாரண டீசேர்ட், மூக்குக்கண்ணாடி, காற்சட்டைப் பையில் இடது கை. இந்தக் கோலத்தில் நின்று சுட்டுத்தான் துருக்கியின் யூசுப் டிகெச், ஷெவ்வால் இலாய்தா தர்ஹானுடன் சேர்ந்து, பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீற்றர் கைத்துப்பாக்கிக் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்றார். அப்போது அவருக்கு வயது 51. உலகைச் சுற்றிய அந்தப் படம் கல்முனை, மருதமுனை இளைஞர்களின் கைபேசிகளையும் விட்டுவைக்கவில்லை.

அலட்சியமாக நின்று சுட்டார் என்று பலர் வியந்தார்கள். உண்மை நேர்மாறானது. இந்தப் போட்டியில் துப்பாக்கியை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். சும்மா தொங்கும் மற்றக் கை உடலை அசைத்துவிடும் என்பதால் அதைப் பையிலோ இடுப்புப்பட்டியிலோ செருகி அடக்கி வைப்பது சுடுநர்களின் பழைய வழக்கம்.

நல்ல சுடுநரின் கை நடுங்காது என்பதும் வெறும் கற்பனை. உயிருள்ள தசை நடுங்கத்தான் செய்யும். போதாததற்கு இதயத் துடிப்பும் மூச்சும் வேறு. ஆனாலும் எல்லா ஆட்டமும் ஒரே அளவு கெடுதி செய்வதில்லை. இங்கேதான் கணக்கு சுவையாகிறது.

குழலின் நுனியில் ஒரு சிறு முள் நிற்கும். பின்னால் நடுவே வெட்டுள்ள ஒரு தகடு. வெட்டின் நடுவில் முள் தெரிய வேண்டும், இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ வெறும் 11.5 மில்லிமீற்றர். முள்ளும் வெட்டும் ஒத்திருக்க, கை முழுவதும் அப்படியே 5 மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீற்றர்தான் விலகும். பத்துப் புள்ளி தப்பாது. மாறாக, தகட்டுக்கும் முள்ளுக்கும் இடைவெளி 36 சென்ரிமீற்றர் என்று வைத்து, முள் மட்டும் 1 மில்லிமீற்றர் விலகினால்? 10 மீற்றர் தொலைவில் அது ஏறக்குறைய 28 மில்லிமீற்றராகப் பெருகும். கிடைப்பது ஏழு புள்ளி.

ஆகவே பயிற்றுநர் புதியவருக்குச் சொல்லும் முதற்பாடம் விசித்திரமாக இருக்கும்: இலக்கைப் பார்க்காதே, முள்ளைப் பார். மனிதக் கண்ணால் அருகையும் தொலைவையும் ஒரே நேரத்தில் கூர்மையாகக் காண முடியாது. முள் தெளிவாகவும் இலக்கு மங்கலாகவும் தெரிந்தால் பார்வை சரியான இடத்தில் இருக்கிறது.

அடுத்தது விரலால் இழுக்கும் விசை. அதன் இழுவை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நடுக்கம் நின்ற கணத்தைப் பிடிக்கிறேன் என்று வெடுக்கென இழுப்பவர், ஒத்து நின்ற முள்ளைத் தானே கலைத்துவிடுகிறார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அழுத்தத்தைச் சீராகக் கூட்ட வேண்டும். கரம் பலகையில் விளையாடுபவருக்கு இது எளிதில் பிடிபடும்: வேலை விரலுக்கு மட்டுந்தான், மணிக்கட்டுக்கு அல்ல.

சிறு பிழையின் விலை என்ன என்பதை இந்தியாவின் மனு பாக்கர் அறிவார். அதே பாரிஸில் 10 மீற்றர் தனிநபர் இறுதியில் தென்கொரியாவின் கிம் யேஜியிடம் 0.1 புள்ளியில் பின்தங்கியதால் வெள்ளி கைநழுவி வெண்கலம் கிடைத்தது. துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

இவ்வளவையும் பழக முதலில் குண்டே தேவையில்லை. தேர்ந்த சுடுநர்களும் வெற்றுத் துப்பாக்கியை வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து, விசை விழும்போது முள் அசைகிறதா என்று மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். அதுவும் வீட்டில் தானாகத் தொடங்கும் காரியமல்ல. இலங்கையில் துப்பாக்கிகளுக்கென 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது; அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஆர்வமுள்ளவர்கள் அங்கீகாரம் பெற்ற கழகத்தில், பயிற்றுநரின் கண்பார்வையில் மட்டுமே பழக வேண்டும்.