18 வயசுக்குக் கீழ உள்ள பையனை போலீஸ் பிடிச்சா என்ன செய்யணும்? சட்டம் சொல்வது இதுதான்!

"பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, யாரைப் பார்க்கிறது?" விழுப்புரம் மாவட்டம் இரும்பை போன்ற கிராமத்தில் இந்தக் கேள்வி எழுந்தால், பதில் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இருக்கிறது.

லாக்கப்பில் வைக்கலாமா?
கூடாது, சிறையிலும் அடைக்கக் கூடாது. பயண நேரம் தவிர 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜர்படுத்த வேண்டும்.

ஜாமீன் கிடைக்குமா?
ஜாமீனில் வர முடியாத பிரிவாக இருந்தாலும் கிடைக்கும். மறுத்தால், குழுமம் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா?
கவலை வேண்டாம். குழந்தைகளுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு போன் செய்யலாம்.

தண்டனை எவ்வளவு?
அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். 16 வயது முடிந்தவர் மீது கொடுங்குற்றப் புகார் என்றால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கும் மரண தண்டனை கிடையாது.

எது முக்கிய ஆதாரம்?
வயசுதான். பள்ளிச் சான்று அல்லது 10-ம் வகுப்புச் சான்று, அடுத்து பிறப்புச் சான்று. எதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை.

1994-ல் நடந்த புனே கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவர், சம்பவத்தின்போது 12 வயசுச் சிறுவன் என்று 2023-ல்தான் உச்ச நீதிமன்றம் ஏற்று விடுவித்தது. அதற்குள் 28 வருஷம் சிறையில் போய்விட்டது. அவரைக் காப்பாற்றியது பழைய பள்ளிப் பதிவேடு.

அதனால, வக்கீலைப் பார்க்கப் போகும்போது பையனோட ஸ்கூல் சர்டிபிகேட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க.