கமரா பழகும் கலை

கமராவைக் கையிலெடுத்த எவரும் முதல் நாளிலே தம்மை ஒரு கலைஞராக எண்ணிக்கொள்வது இயல்பு. எடுத்த படங்களை ஆறுதலாகப் பார்க்கும்பொழுது அவ்வெண்ணம் மெல்ல விலகிவிடுகின்றது. நாமும் இதற்கு விலக்கல்லோம்.

எமது பெரிய தாயார் எண்பது வயதைக் கடந்தவர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுச் சனங்கள் இடம்பெயர்ந்தபொழுது, அவர் வீட்டுச் சுவரிலிருந்த படங்கள் யாவும் வீட்டோடு போயின. அவருடைய கலியாணப் படமும் அவற்றுள் ஒன்று. ஆகவே, புதிதாக டிஜிட்டல் கமரா ஒன்றை வாங்கியதும், அவரை நல்ல முறையிற் படமெடுக்க வேண்டுமென்பதே எமது முதல் விருப்பமாயிருந்தது.

ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அவரை விறாந்தையில் அமர்த்தி இருபது படங்கள் எடுத்தோம். ஒன்றிலேனும் முகம் தெளிவாக விழவில்லை. “என்ன பிள்ளை, நான் இப்பவே ஆவியாய்ப் போனனோ?” என்று கேட்டுச் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

குற்றம் கமராவினுடையதன்று என்பதை அன்றிரவே அறிந்தோம். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும், தான் எடுக்கப்பட்ட விதத்தைத் தன்னுள்ளேயே குறித்து வைத்திருக்கின்றது. அக்குறிப்பைப் பார்த்தோம். ஷட்டர் என்னும் மூடி 1/8 செக்கன் திறந்திருந்தது. நமக்கு அது கண்ணிமைப்பொழுது, கமராவுக்கோ நெடுநேரம். அதற்கிடையில் எமது கையும் அசைந்தது, பெரியம்மாவின் தலையும் அசைந்தது.

படமெடுத்தலை ஒரு குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பிடலாம். குழாயை அகலத் திறந்தால் குடம் விரைவில் நிரம்பும். சிறிது திறந்தால் நேரமெடுக்கும். வில்லையின் துவாரமே அக்குழாய். 2.8, 4, 5.6, 8, 11, 16 என அதனைக் குறிப்பர். எண் பெருகத் துவாரம் சிறுக்கும்; ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். குழாய் திறந்திருக்கும் நேரம் ஷட்டரின் நேரம். குடத்தின் அளவு போன்றது ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். அதன் எண்ணை இரட்டித்தால் முன்னர் வேண்டிய ஒளியிற் பாதியே போதும்.

எண் குறைந்தாற் படம் துப்புரவாயிருக்கும் என்று எங்கோ படித்ததை நம்பி, ஐ.எஸ்.ஓ.வை 100இலேயே நிறுத்தி வைத்திருந்தோம். அதனை 1600இற்கு உயர்த்தியிருந்தால், அதே வெளிச்சத்தில் 1/125 செக்கன் போதியதாயிருந்திருக்கும். படத்திற் சிறிது மணல் தூவினாற்போல் தோன்றியிருக்கும், முகமோ தெளிந்திருக்கும். இவ்விரண்டனுள் எது வேண்டும் என்று தீர்மானிப்பதே படமெடுப்பவரின் வேலை.

பிலிம்சுருளில் 36 படங்களோடு கணக்கு முடிந்த காலத்தில், பிழைவிட்டுப் பழகுவது செலவான காரியம். 1975இல் அமெரிக்காவின் கொடக் நிறுவனத்திற் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியியலாளர் அமைத்த முதல் டிஜிட்டல் கமரா, ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 செக்கன்கள் எடுத்தது. இன்றோ மாணவர் ஒருவர் ஒரே நாளில் நூறு பிழைகள் விடலாம், அத்தனையையும் திருத்தலாம்.

வயது சென்றுவிட்டதே என்று எவரும் தயங்கவேண்டியதில்லை. புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், மகள் பரிசளித்த கமராவைக் கையிலெடுத்தபொழுது அவருக்கு வயது 48. அவருடைய படங்கள் தெளிவற்றவை என்று பலர் குறை கூறினர்; அவர் விடவில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து வாழ்ந்த அவர், 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கின்றது.

பழக விரும்புவோருக்கு ஓர் எளிய பயிற்சி கூறுவோம். வீட்டிலுள்ள செம்பு ஒன்றை யன்னலோரம் வையுங்கள். காலை, நண்பகல், மாலை மூவேளையும் ஒரு வாரம் அதனைப் படமெடுங்கள். ஒளி எங்கிருந்து வருகின்றது, நிழல் எங்கே விழுகின்றது என்பதைக் கண் தானே கற்றுக்கொள்ளும். கைத்தொலைபேசியிலும் இதனைச் செய்யலாம்.

மறுநாட் காலை பெரியம்மாவை யன்னலருகே அமர்த்தினோம். பக்கவாட்டில் விழுந்த இளவெயிலின் ஒளியில் நரைமயிரும் நெற்றிச் சுருக்கமும் அப்படியே பதிந்தன. அப்படத்தைக் கணினியிலும் வேறொரு தட்டிலும் பிரதிசெய்து, கனடாவிலுள்ள பிள்ளைகளுக்கும் அனுப்பினோம். சுவரோடு போன படங்களை நினைத்தே இவ்வாறு செய்தோம்.

அடுத்த மாசியில் அவர் காலமானார். அந்தியேட்டியன்று மாலை சூட்டி வைக்க, அந்த ஒரு படமே இருந்தது. வாசகர்களே, உங்கள் வீட்டு முதியவரை நாளைக் காலை யன்னலருகே சற்று அமரச் சொல்லுங்கள்.